காத்தோங் வெள்ளி: விக்டோரியா காலப் பாத்திரங்களை அடையாளம் காணுதல்

விக்டோரியா காலத்து வெள்ளி என்பது 1837 முதல் 1901 வரை, விக்டோரியா மகாராணியின் ஆட்சியில் செய்யப்பட்ட மேசைப் பாத்திரங்களையும் அலங்காரப் பொருள்களையும் குறிக்கும். இங்கிலாந்தில் இதன் வரலாறு நன்கு எழுதப்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் பேரரசின் கீழிருந்த துறைமுக நகரங்களில் நிலைமை வேறு. சிங்கப்பூரின் காத்தோங், ஜூ சியாட் வட்டாரத்துப் பழைய வீடுகளில் மூன்று வகை வெள்ளி ஒன்றாகக் கலந்திருந்தது: இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானது, சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களிலேயே சீன, மலாய்க் கைவினைஞர்கள் செய்தது, சென்னை முதலிய இந்திய நகரங்களிலிருந்து வந்தது. முதல் வகை தன் பிறப்பு விவரத்தை முத்திரையாகத் தாங்கி நிற்கிறது. மற்ற இரண்டுக்கும் அத்தகைய அரசு முத்திரை கிடையாது. அவற்றை வேலைப்பாடு, எடை, பயன்பாடு, வீட்டு வரலாறு ஆகியவற்றைக் கொண்டே அறிய முடியும்.

காலமும் இடமும்

1826இல் உருவான நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை பிரிட்டிஷ் இந்திய ஆட்சியின் கீழும், அதன்பின் நேரடியாக லண்டனின் கீழும் இருந்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் இங்கிலாந்துச் சரக்கு முன்னைவிட விரைவாக வந்து சேர்ந்தது. 1845இல் தொடங்கிய ஜான் லிட்டில், 1858இல் தொடங்கிய ராபின்சன்ஸ் போன்ற கடைகள் ஐரோப்பியருக்கும் உள்ளூர்ச் செல்வர்களுக்கும் மேல்நாட்டுப் பொருள்களை விற்றன.

காத்தோங் அப்போது தென்னந்தோப்புகள் நிறைந்த கடற்கரைப் பகுதி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்வர்கள் அங்கே கடலோரப் பங்களாக்களைக் கட்டினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன, மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கான் குடும்பங்களும் யுரேசியரும் பெருமளவில் குடியேறினர். கூன் செங் சாலையில் இன்று காணப்படும் ஓடு பதித்த வரிசை வீடுகள் இந்த இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே காத்தோங் வீட்டில் கிடைக்கும் விக்டோரியா கால வெள்ளி பெரும்பாலும் அந்த வீட்டைவிட மூத்தது. மலாக்காவிலோ சிங்கப்பூர் நகரத்திலோ இருந்த முந்தைய தலைமுறையின் வீட்டிலிருந்து சீதனமாகவோ பாகமாகவோ வந்தது. வீட்டின் வயதை வைத்துப் பாத்திரத்தின் வயதைக் கணிப்பது தவறாகிவிடும்.

இதே வட்டாரத்தின் சிலோன் சாலையில் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய இந்த ஆலயத்தைச் சுற்றி இலங்கைத் தமிழர் வாழ்வு வேரூன்றியது. பாபா, நோன்யா எனப்படும் பெரனாக்கான் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் அருகருகே வாழ்ந்த இடம் இது. இரு சாராரின் வெள்ளியிலும் தாம்பூலத்திற்கு முதலிடம் இருந்தது.

இங்கிலாந்து வெள்ளியும் அதன் முத்திரைகளும்

விக்டோரியா காலத்தில் விருந்து பரிமாறும் முறை மாறியது. எல்லா உணவையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பும் பழைய வழக்கம் குறைந்து, ஒவ்வொன்றாகப் பரிமாறும் ரஷ்ய முறை நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. மேசை நடுவில் இடம் காலியானது. அந்த இடத்தைப் பழமும் பூவும் தாங்கும் பல கிளைத் தட்டுகளும் மெழுகுவர்த்தித் தண்டுகளும் நிரப்பின. ஒவ்வொரு உணவுக்கும் தனிக் கருவி வேண்டியிருந்ததால் மீன் கத்தி, மீன் முள்கரண்டி, திராட்சைக் கத்தரி, சர்க்கரை இடுக்கி, ரொட்டித் தாங்கி, கடுகுச் சிமிழ், ஊறல் புட்டிகளின் தாங்கி என வகைகள் பெருகின. 1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சி இந்த வளத்தை உலகுக்குக் காட்டியது.

வெள்ளி விலை வீழ்ச்சியும் இதற்குத் துணை நின்றது. அமெரிக்காவின் நெவாடாவில் 1859இல் கண்டறியப்பட்ட பெருஞ்சுரங்கம் வழங்கலைக் கூட்டியது. 1870களில் ஜெர்மனி முதலிய நாடுகள் தங்க நாணய முறைக்கு மாறின. 1870களின் தொடக்கத்தில் லண்டனில் அவுன்சுக்குச் சுமார் 60 பென்சாக இருந்த வெள்ளி, நூற்றாண்டின் முடிவில் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. நடுத்தரக் குடும்பங்களும் வெள்ளிப் பாத்திரம் வாங்கும் நிலை பிறந்தது.

இங்கிலாந்து வெள்ளியின் பெரும் வசதி அதன் சோதனை முத்திரைகள். நடக்கும் சிங்கம் 925 தரத்தைக் குறிக்கும், அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. நகர முத்திரை சோதித்த ஊரைச் சொல்லும்: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், மகுடம் ஷெஃபீல்டு. ஆண்டெழுத்து சோதித்த ஆண்டைக் காட்டும். லண்டனில் இது 20 எழுத்துகள் கொண்ட சுழற்சி. சுழற்சிதோறும் எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கேடய வடிவமும் மாறும். நான்காவது, செய்தவரின் பெயரெழுத்துகள். ஐந்தாவதாக, வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் தலை பொறிக்கப்பட்டது. 1784இல் தொடங்கிய இந்த வரி முத்திரை 1890இல் நீக்கப்பட்டது. எனவே விக்டோரியாவின் தலை பொறித்த பாத்திரம் 1837க்கும் 1890க்கும் இடைப்பட்டது என ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். 1842 முதல் 1883 வரை பதிவு செய்த வடிவங்களில் காணப்படும் சாய்சதுரக் குறியும் உதவும். ஆனால் அது வடிவம் பதிவான நாளையே சொல்லும், பாத்திரம் செய்த நாளைச் சொல்லாது.

பாணிகளும் காலத்தைக் காட்டும். 1840களில் சுருள் கொடியும் சிப்பியும் நிறைந்த ரொக்கோக்கோ மறுமலர்ச்சி ஓங்கியிருந்தது. அடுத்து இலை, திராட்சைக் குலை, விலங்கு ஆகியவற்றை அப்படியே வார்த்த இயற்கைப் பாணியும் கோதிக் பாணியும் வந்தன. 1870களில் ஜப்பானியத் தாக்கத்தில் மூங்கிலும் பறவையும் மெல்லிய கோடுகளாய்ப் பொறிக்கப்பட்டன. வடிவமைப்பாளர் கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர் அலங்காரத்தையே துறந்து, எளிய வடிவங்களைத் தொழிற்சாலைகளுக்கு வரைந்து கொடுத்தார். நூற்றாண்டின் இறுதியில் சுத்தியல் தடம் தெரியும் கைவினை இயக்கப் பாத்திரங்கள் தோன்றின.

முலாம் பூசியவை

வெள்ளி போலத் தோன்றும் எல்லாம் வெள்ளி அல்ல. செம்புத் தகட்டின்மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டில் இணைத்து உருட்டும் முறையை 1740களில் தாமஸ் பூல்சோவர் ஷெஃபீல்டில் கண்டார். 1840இல் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றதும் பழைய முறை விரைவில் வழக்கொழிந்தது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தின்மேல் மின்முலாம் பூசிய பாத்திரங்களில் பொதுவாக ஈ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்துகள் இருக்கும். அவற்றைத் தனித்தனிக் கேடயங்களுக்குள் பொறித்து உண்மை முத்திரை போலக் காட்டியதும் உண்டு. சிங்கம் இல்லாத இங்கிலாந்துப் பாத்திரத்தை முலாமாகவே முதலில் கொள்வது பாதுகாப்பானது.

தேய்ந்த விளிம்பில் செம்பு நிறம் எட்டிப்பார்த்தால் அது பழைய ஷெஃபீல்டு தகடாக இருக்கலாம். மங்கிய மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் மின்முலாம். தேய்ந்த பழைய தகட்டுக்கு மறுபடி மின்முலாம் பூசினால் அதன் மதிப்புக் குறைந்துவிடும்.

நீரிணையில் செய்த வெள்ளி

சேகரிப்போருக்குக் காத்தோங் வழங்கும் தனிச் செல்வம் பெரனாக்கான் வெள்ளி. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகள் வரை இது செழித்தது. சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு ஆகிய மூன்று ஊர்களிலும் சீனத் தட்டார்களே பெரும்பாலும் இதைச் செய்தனர். மலாய், இந்திய, இலங்கைக் கைவினைஞர்களும் பெரனாக்கான் குடும்பங்களுக்கு நகை செய்து கொடுத்தனர். இலங்கையின் காலிப் பகுதியிலிருந்து வந்த பி. பி. டி சில்வா 1872இல் சிங்கப்பூரில் தொடங்கிய நகைக்கடை அவ்வகையில் புகழ்பெற்றது.

வேலை முறை தமிழ்நாட்டுப் பத்தர் பட்டறைக்கு அந்நியமானது அன்று. மென்மையான பிசின் படுகையில் தகட்டைப் பதித்து, பின்புறமிருந்து அடித்து உருவத்தைப் புடைக்கச் செய்வார்கள். பிறகு முன்புறம் உளியால் நுணுக்கம் சேர்ப்பார்கள். மெல்லிய கம்பிகளைச் சுருட்டிப் பற்றவைக்கும் கம்பி வேலையும், பின்னணியை அறுத்தெடுக்கும் சல்லடை வேலையும், தங்க முலாமும் கூடவே வரும். உருவங்களில் பீனிக்ஸ் பறவை, பியோனி மலர், கிலின் என்னும் மங்கல விலங்கு, தாமரை, வண்ணத்துப்பூச்சி, பௌத்த மங்கலச் சின்னங்கள் எட்டு ஆகியன மிகுதி. இடுப்புப் பட்டையின் பெரிய கொக்கியில் வெளிவடிவம் மலாய் மரபையும் உள்ளே நிரம்பிய உருவங்கள் சீன மரபையும் சார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

பொருள்களைப் பயன்பாட்டின்படி நான்காகப் பிரிக்கலாம். முதலாவது அணிகள். கெபாயா என்னும் மேற்சட்டையைப் பூட்டும் கெரோசாங் ஊசிகளும் கொண்டை ஊசிகளும் பெண்டிங் என்னும் இடுப்புக் கொக்கியும் இதில் அடங்கும். இரண்டாவது திருமண அறையின் அலங்காரம். தலையணையின் இரு முனைகளிலும் தைக்கும் வெள்ளித் தகடுகள், கட்டில் திரைக் கொக்கிகள், கட்டிலில் தொங்கவிடும் சரங்கள் இதில் சேரும். மூன்றாவது தாம்பூலம். வெற்றிலைப் பெட்டி, சுண்ணாம்பு, பாக்கு முதலியவற்றுக்கான சிமிழ்கள், பாக்குவெட்டி, எச்சில் படிக்கம் ஆகியன ஒரு தொகுதியாக வரும். நான்காவது உணவும் பானமும். தேநீர்க் குடுவை, சிறு கோப்பைகள், தட்டு, சாப்பாட்டுக் குச்சிகள், கரண்டிகள் இவ்வகை.

துக்கம் காக்கும் காலத்தில் நோன்யா பெண்கள் தங்கத்தை ஒதுக்கி, முத்து பதித்த வெள்ளி அணிகளை அணிந்தனர். ஆகவே வெள்ளிக் கெரோசாங் எப்போதும் ஏழை வீட்டின் அடையாளம் என்று எண்ணக்கூடாது. செல்வர் வீட்டின் துக்க அணியாகவும் அது இருக்கலாம்.

நீரிணையில் வெள்ளிக்கு அரசுச் சோதனை நிலையம் இருக்கவில்லை. சில பொருள்களில் கடையின் பெயர் சீன எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பலவற்றில் ஒன்றும் இராது. உருக்கப்பட்ட வெள்ளியின் பெரும்பகுதி நாணயமே. மெக்சிகோ வெள்ளி டாலர் சுமார் 27 கிராம் எடையும் ஏறக்குறைய 903 தரமும் கொண்டது. 1895 முதல் அச்சான பிரிட்டிஷ் வணிக டாலரும் 1903இல் வந்த நீரிணை டாலரும் 900 தரம். எனவே நீரிணை வெள்ளியின் தரம் 925க்குச் சற்றுக் குறைந்திருப்பது இயல்பு, அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. கலைப்பொருள் ஆய்வாளர் ஹோ விங் மெங் 1976இல் இந்த வெள்ளி பற்றி எழுதிய நூலே சேகரிப்போருக்கு நெடுங்காலம் முதன்மை வழிகாட்டியாக இருந்தது.

சென்னை வெள்ளியும் தமிழர் வீடும்

மூன்றாவது ஓடை இந்தியாவிலிருந்து வந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் இந்தியத் தட்டார்களை வைத்து மேசைப் பாத்திரங்கள் செய்தன. கல்கத்தாவில் ஹாமில்டன், சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்டு சன்ஸ் ஆகியன முன்னணியில் இருந்தன. பி. ஆர் நிறுவனத்தின் பெயரோடு பிணைந்தது சாமி வெள்ளி. தேநீர்க் குடுவை, பால் கிண்ணம், தட்டு போன்ற மேல்நாட்டு வடிவங்களின் உடல் முழுவதும் மாடங்களுக்குள் நிற்கும் தெய்வ உருவங்களைப் புடைத்து எழுப்பியிருப்பார்கள். கைப்பிடி பெரும்பாலும் படமெடுத்த நாகம். வேல்ஸ் இளவரசர் 1875 டிசம்பரில் சென்னைக்கு வந்து சென்றபின் இவற்றுக்கு இங்கிலாந்தில் பெரும் வரவேற்புக் கிடைத்தது.

மற்ற ஊர்களும் தத்தம் பாணியால் பிரியும். கட்ச் வெள்ளியில் நெருங்கிப் பின்னிய கொடியும், லக்னோ வெள்ளியில் காட்டு விலங்குகளும், காஷ்மீர் வெள்ளியில் கொத்தமல்லி இலை போன்ற நுண்கோலமும், கல்கத்தா பவானிபூர் வெள்ளியில் கிராம வாழ்க்கைக் காட்சிகளும், கட்டாக் வெள்ளியில் கம்பி வேலையும் தனித்தன்மை. பர்மா வெள்ளிக் கிண்ணங்களில் உருவங்கள் தகட்டைவிட்டு வெளியேறி நிற்பதுபோல் ஆழமாகப் புடைத்திருக்கும். இந்தியாவிலும் அன்று சோதனை முத்திரை இருக்கவில்லை. நிறுவனப் பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டது. நாணயமே மூலப்பொருள் என்பதால் ஒரு ரூபாயின் எடையான 11.66 கிராமே எடைக்கும் அளவுகோலானது. அந்த ரூபாயின் தரம் சுமார் 917.

தமிழர் வீட்டின் வெள்ளி இந்த ஏற்றுமதிப் பொருள்களிலிருந்து வேறுபட்டது. செட்டிநாட்டுத் திருமணச் சாமான்களில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், வெற்றிலைப் பெட்டி, குத்துவிளக்கு, கூஜா, பாலாடை, தட்டு ஆகியன எடையோடு பட்டியலிடப்பட்டு, பெண்ணின் உடைமையாகக் காக்கப்பட்டன. சிங்கப்பூர் மார்க்கெட் வீதிக் கிட்டங்கிகளில் தொழில் செய்த நகரத்தார் தங்கள் செல்வத்தின் பெரும்பகுதியை ஊர் வீட்டிலும் கோயிலிலும் வைத்தனர். தேங் சாலைத் தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து தைப்பூசத்திற்கு முதல் நாள் முருகன் எழுந்தருளும் வெள்ளி ரதமும், 1894 முதல் ஓடும் பினாங்கு நகரத்தாரின் வெள்ளி ரதமும் நீரிணையில் தமிழர் வெள்ளியின் உச்சம். தமிழ்வழிப் பெரனாக்கான்களான மலாக்கா செட்டிகளோ இரு மரபுக்கும் பாலம். சைவ வழிபாட்டைக் காக்கும் இச்சமூகத்துப் பெண்கள் கெபாயாவும் கெரோசாங்கும் அணிந்தனர். எனவே ஒரு கெரோசாங்கைப் பார்த்ததும் சீனக் குடும்பத்தினுடையது என முடிவு கட்டக்கூடாது.

ஐயத்திற்குரியவை

போலிகளில் முதல் வகை மாற்றி ஒட்டிய முத்திரை. சிறிய பழைய கரண்டியிலிருந்து முத்திரைப் பகுதியை வெட்டிப் பெரிய புதிய பாத்திரத்தில் பற்றவைப்பார்கள். முத்திரையின்மேல் வாயால் ஊதினால் படியும் ஈரத்தில் ஒட்டுக்கோடு தெரியும். இரண்டாவது, மாற்றிய வடிவம். குவளைக்கு மூக்கு வைத்துக் கூஜாவாக்குவது இதில் அடங்கும். முத்திரை வழக்கமான இடத்தில் இல்லாதபோதும், மூடியிலும் உடலிலும் முத்திரை வேறுபடும்போதும் ஐயம் எழ வேண்டும். மூன்றாவது, பின்னாளில் சேர்த்த அலங்காரம். 18ஆம் நூற்றாண்டின் வழவழப்பான பாத்திரத்தில் விக்டோரியா காலத்தார் பூவேலை அடித்ததுண்டு. நான்காவது, அழித்த குலச்சின்னம். அவ்விடத்தில் தகடு மெலிந்து, கட்டைவிரலால் அழுத்தினால் நெகிழும்.

முத்திரை இல்லாத நீரிணை, இந்திய வெள்ளிக்கு நான்கு சோதனைகள் பயன்படும். முதலில் தேய்மானம். நெடுங்காலம் புழங்கிய பொருளில் கை படும் இடமும் புடைப்பின் உச்சியும் இயல்பாக மழுங்கியிருக்கும், குழிவுகள் கூர்மையாக இருக்கும். எங்கும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் அது வார்ப்பு நகலாக இருக்கக்கூடும். இரண்டாவது பின்புறம். அடித்துப் புடைத்த தகட்டின் உட்பக்கத்தில் உருவத்தின் எதிர்ப்பதிவும் கருவித் தடமும் தெரியும். மூன்றாவது அடர்த்தி. காற்றிலும் நீரிலும் எடை போட்டுப் பார்த்தால் 925 வெள்ளி சுமார் 10.3 காட்டும், முலாமுக்கு அடியிலுள்ள நிக்கல் கலவை 9க்குக் கீழே நிற்கும். ஆனால் உள்ளே பிசின் அடைத்த மெழுகுவர்த்தித் தண்டுக்கும் கத்திப் பிடிக்கும் இது பொருந்தாது. நான்காவது ஊடுகதிர் ஒளிர்வுச் சோதனை. அமிலத்தால் தழும்பு உண்டாக்காமல் இது மேற்பரப்பின் உலோக விகிதத்தைச் சொல்லிவிடும். கனத்த முலாம் இதையும் ஏமாற்றக்கூடும் என்பதால் அடர்த்திச் சோதனையோடு சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

சட்டமும் பேணலும்

நூறாண்டு கடந்த கலைப்பொருளை இந்தியாவிலிருந்து தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கும் விக்டோரியா காலச் செம்பைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர எண்ணுவோர் இதை முதலில் அறிந்திருக்க வேண்டும். தந்தமும் கவனத்திற்குரியது. விக்டோரியா காலத் தேநீர்க் குடுவையின் கைப்பிடியில் சூடு கடத்தாமலிருக்கத் தந்த வளையம் செருகியிருப்பார்கள். கத்திப் பிடிகளும் தந்தமாக இருக்கலாம். சிங்கப்பூர் 2021 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டில் யானைத் தந்த விற்பனையைத் தடைசெய்துள்ளது.

காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிவதால் கருமை படிகிறது. சிங்கப்பூரின் ஈரப்பதம் இதை விரைவுபடுத்தும். உப்பு அரிப்பையே உண்டாக்கும். அதனால்தான் விக்டோரியா கால உப்புக் கிண்ணங்களின் உட்புறத்தில் தங்க முலாமோ கண்ணாடிக் கிண்ணமோ வைத்தார்கள். பாத்திரத்தைச் செய்தித்தாளிலும் ரப்பர் வளையத்திலும் கம்பளித் துணியிலும் சுற்றி வைக்கக்கூடாது, மூன்றிலும் வெள்ளியைக் கருக்கும் பொருள்கள் உண்டு. அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிவைப்பது நல்லது. புளியும் பற்பசையும் முலாமையும் நுண்வேலையையும் அரித்துவிடும். தமிழ் வீடுகளில் திருநீற்றால் துலக்கும் வழக்கம் அவற்றைவிட மென்மையானது. ஆயினும் தங்க முலாம் உள்ள பெரனாக்கான் பொருளில் அதையும் தவிர்த்து, மென்துணியால் மட்டும் துடைக்கலாம். புடைப்பின் குழிகளில் நிற்கும் கருமை உருவத்தை எடுத்துக்காட்டுவதால் அதை முற்றாக நீக்க வேண்டியதில்லை.

மதிப்பு

வெள்ளிப் பொருளுக்கு உலோக விலை அடித்தளம் மட்டுமே. அதை மட்டும் பார்த்ததால் நேர்ந்த இழப்பு பெரிது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு 50 அமெரிக்க டாலரை நெருங்கியபோது உலகெங்கும் பழைய பாத்திரங்கள் உருக்குக்குப் போயின. உருகிய பொருளின் எடை மிஞ்சும், அது சொல்லக்கூடிய வரலாறு மிஞ்சாது.

எடைக்கு மேல் மதிப்பைத் தீர்மானிப்பவை நிலை, அரிதான தன்மை, முழுமை, வழிவரலாறு என்ற நான்கு. இங்கிலாந்து வெள்ளியில் முத்திரையின் தெளிவும் செய்தவரின் புகழும் முன்னிற்கும். நீரிணை வெள்ளியிலும் தமிழர் வெள்ளியிலும் முழுமைக்கும் வழிவரலாற்றுக்கும் கூடுதல் மதிப்பு உண்டு. மூன்று சிமிழ் குறைந்த தாம்பூலத் தொகுதியைவிட எல்லாச் சிமிழும் கொண்ட எளிய தொகுதி ஆய்வுக்கு உயர்ந்தது. இணையில் ஒற்றையாகிப்போன தலையணைத் தகடு தன் பொருளில் பாதியை இழந்துவிடுகிறது. எந்தக் குடும்பம், எந்தத் திருமணம், எந்த ஊர் என்ற குறிப்பும், பழைய நிழற்படமும், சீதனப் பட்டியலும் பாத்திரத்தோடு சேர்த்துக் காக்கப்பட வேண்டியவை.

ஒப்பிட்டுப் பழக இடங்கள் உண்டு. ஆர்மேனியன் வீதியிலுள்ள பெரனாக்கான் அரும்பொருளகம், நீல் சாலையின் பாபா இல்லம், ஜூ சியாட் டெரசில் ஒரு தனியார் வீட்டிலேயே அமைந்த இன்தான் காட்சியகம், லிட்டில் இந்தியாவின் இந்திய மரபுடைமை நிலையம் ஆகியன அவற்றுள் சில. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் மறைந்த பீட்டர் வீ நடத்திய காத்தோங் பழம்பொருள் இல்லம் பல பத்தாண்டுகள் இந்த மரபைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொன்னது. இங்கிலாந்து வெள்ளிக்கு அரசே பிறப்புச் சான்று எழுதி வைத்திருக்கிறது. காத்தோங் வீட்டு வெள்ளிக்கு அந்தச் சான்றை எழுதும் கடமை அதை வைத்திருக்கும் குடும்பத்திற்கும் சேகரிப்போருக்கும் உரியது. பெயரும் ஊரும் தெரிந்த மூத்தோர் இருக்கும்போதே அது எழுதப்பட வேண்டும்.